டலடேகாவில் ஜெயித்தது யார்?

"மாமா, இதெல்லாம் ஒரு ரேஸா? லாட்டரி மாமா இது."

என் மனைவியின் தம்பி கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்தவன். ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயனின் ஊர், செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கும் ஊர். அங்கே பிறந்தவர்களுக்குக் கார் பந்தயம் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை தொட்டிலிலேயே வந்துவிடுகிறது, அதை நான் மறுப்பதில்லை. ஃபார்முலா ஒன் என்றால் டயர் எத்தனை டிகிரியில் பிடிப்புக் கொடுக்கும் என்பது வரை பேசுவான். நாஸ்கார், அதாவது அந்தப் பெயருள்ள அமைப்பு அமெரிக்காவில் நடத்தும் கார் பந்தயம், என்றதும் முகத்தைச் சுளிப்பான். அதிலும் டலடேகா, டேடோனா மாதிரி சூப்பர்ஸ்பீட்வே, அதாவது மிக நீளமான அதிவேகத் தடம், என்றால் கேட்கவே வேண்டாம். நாற்பது கார்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வட்டமடிக்கின்றன, கடைசியில் பாதிக் கார்கள் மோதி நொறுங்குகின்றன, மிச்சமிருப்பதில் எவனோ ஒருவன் ஜெயிக்கிறான், இதில் திறமை எங்கே இருக்கிறது என்பது அவன் கட்சி. லாட்டரி 2003-லேயே தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட சமாச்சாரம் என்பதால் அந்தச் சொல்லோடு ஏளனமும் கொஞ்சம் சேர்ந்தே வரும்.

அவன் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. நாஸ்கார் ரசிகர்களில் பாதிப் பேரும், தோற்ற அன்று ஓட்டுநர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு புள்ளிவிவரம் போதும். டேல் எர்ன்ஹார்ட் டலடேகாவில் 10 முறை ஜெயித்தவர். ஜெஃப் கார்டன், டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர், பிராட் கெஸலௌஸ்கி மூவரும் ஆளுக்கு 6 முறை. லாட்டரிச் சீட்டு ஒரே ஆளுக்குப் பத்துமுறை விழுந்தால் போலீஸ்தான் வரும். ஆனால் இந்தப் பதில் எனக்கே முழுத் திருப்தியாக இல்லை. யாருக்குத் திறமை இருக்கிறது என்பதை அது சொல்கிறது. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட கடைசி அரை விநாடியில் முடிவை எழுதியது யார் என்பதைச் சொல்வதில்லை. 2009 ஏப்ரல் 26-ஆம் தேதி டலடேகாவில் நடந்த ஆரன்ஸ் 499 பந்தயத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னைக் குடைகிறது. அந்த முடிவை எழுதியது அதிர்ஷ்டமும் இல்லை, ஜெயித்தவர் மட்டும் தனியாகவும் இல்லை என்பது என் எண்ணம். அது ஆறு மாதத்துக்கு முன்பே, அதே தடத்தில், ஒரு அதிகாரி சொன்ன தீர்ப்பில் எழுதப்பட்டுவிட்டது.

வேலிக்குப் பக்கத்தில்

நான் இருப்பது அட்லாண்டாவின் புறநகரில். ஐ-20 நெடுஞ்சாலையில் மேற்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் டலடேகா வந்துவிடும். அலபாமா எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடுவதால், கணக்குப்படி பயணம் அரை மணி நேரம்தான். அலுவலகத்தில் அலபாமாக்காரர் ஒருவர் இருந்தார், என்னைவிட வயதில் நன்றாகப் பெரியவர். அவர்தான் முதலில் கூட்டிப்போனார். கீழ் வரிசையில் சீட்டு எடுத்திருந்தார். கீழே டிக்கெட் மலிவு. ஏன் மலிவு என்பது முதல் சுற்றிலேயே புரிந்துவிட்டது. கார்கள் தூரத்து வளைவில் இருக்கும்போது அவ்வளவாகச் சத்தம் இல்லை. 2.66 மைல் சுற்றளவுள்ள தடம், வளைவுகளில் 33 டிகிரி சாய்வு. எதிர்ப்பக்கத்தில் அந்தக் கூட்டம் ஒரு வண்ணக் கோடு போல நகர்வது மட்டும்தான் தெரியும். பிறகு திரும்பி நம்மை நோக்கி வரும்போது முதலில் பாதத்தின் அடியில் அலுமினியப் பலகை அதிரும். கார்கள் முன்னால் போகிற நேரத்தில் கண் எதையும் பிடிக்காது. அவை போன பிறகுதான் காற்று வந்து அறைகிறது. அந்தக் காற்றோடு சின்னச் சின்னக் கருப்பு ரப்பர்த் துணுக்குகள் வந்து கன்னத்தில் குத்தின. கையிலிருந்த கோக் டம்ளரில் மிதந்தன. எனக்கும் தடத்துக்கும் நடுவில் இருந்த வேலியின் இரும்புக் கம்பிகள் கூட்டம் போனபிறகும் சற்று நேரம் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தன.

அவர் வாடகைக்கு எடுத்திருந்த ஸ்கேனர் ஹெட்போனை என் தலையில் மாட்டினார். ஓட்டுநருக்கும் ஸ்பாட்டருக்கும் நடக்கும் பேச்சு அதில் கேட்கும். ஸ்பாட்டர் என்பவர் அரங்கக் கூரையின் உச்சியில் பைனாகுலரோடு நின்றுகொண்டு, ஓட்டுநரால் பார்க்க முடியாததைப் பார்த்துச் சொல்பவர். ஹெல்மெட்டும் தலைத் தடுப்பும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரால் பக்கவாட்டில் சரியாகப் பார்க்க முடியாது. ஆகவே அந்தக் குரல் மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது: உள்பக்கம் இருக்கான், இன்னும் இருக்கான், கதவுகிட்ட, பம்பர்கிட்ட, போயிட்டான், வெளிப்பக்கம் ஒருத்தன் வரான். மூன்று மணி நேரத்துக்கும் மேலாக இப்படியே. மணிக்கு 300 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடிக்கு 80 மீட்டருக்கு மேல். "உள்பக்கம்" என்று சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கால்பந்து மைதானம் தாண்டிவிடுகிறது. ஸ்பாட்டர் பார்த்து, சொல்லி, ஓட்டுநர் கேட்டு, ஸ்டியரிங்கைத் திருப்புவதற்குள் நிலைமை மாறியிருக்கும். இதை வைத்துக்கொண்டுதான் இவர்கள் ஒருவரையொருவர் மறிக்கிறார்கள்.

கூட்டமாக ஏன் ஓடுகிறார்கள் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1987-இல் பில் எலியட் இங்கே தகுதிச் சுற்றில் மணிக்கு 212.809 மைல் வேகம் எடுத்தார். அதே வார இறுதியில் நடந்த பந்தயத்தில் பாபி ஆலிசனின் டயர் வெடித்து, கார் பின்பக்கமாகக் காற்றில் எழும்பிப் பார்வையாளர் பக்கத்து வேலியைக் கிழித்தது. (அந்தப் பந்தயத்தை ஜெயித்தது அவருடைய மகன் டேவி ஆலிசன். அவருக்கு அது முதல் வெற்றி. அந்த நாளை அந்தக் குடும்பம் எப்படி நினைவில் வைத்திருக்கும் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது.) வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்று 1988 முதல் டேடோனாவிலும் டலடேகாவிலும் கார்புரேட்டருக்கு அடியில் நான்கு துளைகள் போட்ட ஒரு தகட்டைச் சொருகினார்கள். எஞ்சினுக்குப் போகும் காற்று குறையும், அதனால் சக்தியும் குறையும். வேகம் குறையத்தான் செய்தது. ஆனால் சக்தி குறைந்துவிட்டதால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலே முழுச் சுற்றும் போகலாம் என்றாகிவிட்டது. எல்லோராலும் அப்படிப் போக முடியும் என்பதுதான் வம்பு. யாரும் யாரையும் விட்டு விலக முடியாது. லாரிக்குப் பின்னால் சைக்கிளை ஒட்டினாற்போல் ஓட்டிப் போனவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக் கொடுக்கிறான், பின்னால் வருகிறவன் அந்த இடைவெளியில் வேகம் சேர்க்கிறான். ஆகவே கடைசிச் சுற்றில் முதலிடத்தில் இருப்பதுதான் மோசமான இடம். பின்னால் வருகிறவன் எப்படியும் தாண்டப் பார்ப்பான். முதலில் இருப்பவனுக்கு வழிமறிப்பதைத் தவிர வேறு ஆயுதம் கிடையாது.

மஞ்சள் கோடு

இந்த மறிக்கிற வேலையில் ஆட்கள் தடத்தின் உள்விளிம்பு வரை இறங்கி, அதற்கும் கீழே தட்டையாக இருக்கும் பகுதியில் ஓடி, மறுபடி மேலே ஏறிக் கூட்டத்தையே இழுத்துக்கொண்டு மோதினார்கள். அதைத் தடுக்க 2001-இல் நாஸ்கார் ஒரு விதி போட்டது. உள்விளிம்பில் இரட்டை மஞ்சள் கோடு. அதற்குக் கீழே இறங்கி யாரையும் முந்தக்கூடாது. இன்னொருவன் தள்ளி இறங்க நேர்ந்தால் மன்னிப்பு உண்டு. ஆனால் ஒருவனை வேண்டுமென்றே கோட்டுக்குக் கீழே தள்ளினால் தள்ளியவனுக்குத் தண்டனை. எழுத்தில் பார்த்தால் நியாயமான விதிதான். 2003-இல் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் கோட்டுக்குக் கீழே போய் மாட் கென்செத்தை முந்தியதாக எல்லோரும் பார்த்தபோது, அவர் அதற்கு முன்பே முந்திவிட்டார் என்று நாஸ்கார் சொன்னது. அவர்தான் ஜெயித்தார், டலடேகாவில் தொடர்ந்து நான்காவது முறையாக. சரி, அது அன்றைக்கு அவர்கள் பார்வை.

2008 அக்டோபர் 5. கடைசிச் சுற்றில் டோனி ஸ்டூவர்ட் முன்னால். பின்னால் ரீகன் ஸ்மித், அந்த வருஷத்துப் புதுமுகம், அதுவரை ஒரு வெற்றியும் இல்லாதவர். எல்லைக் கோடு இருக்கும் முகப்புப் பகுதியின் வளைவில் ஸ்மித் உள்பக்கம் வந்தார், ஸ்டூவர்ட் கீழே இறங்கி மறித்தார். ஸ்மித்துக்கு இரண்டே வழி. ஸ்டூவர்ட்டின் பின்சக்கரத்தில் மோத வேண்டும், அல்லது மஞ்சள் கோட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கினார். இறங்கி, முந்தி, முதல் ஆளாக எல்லைக் கோட்டைத் தாண்டினார். கொஞ்ச நேரத்தில் தீர்ப்பு வந்தது: வெற்றி ஸ்டூவர்ட்டுக்கு. ஸ்மித் கோட்டுக்குக் கீழே முந்தினார், அவரை யாரும் தள்ளவில்லை, அவராகத்தான் இறங்கினார். முதலிடத்தில் முடித்தவர் 18-ஆம் இடத்துக்குப் போனார்.

எனக்கு இந்தத் தீர்ப்பில் இருக்கும் சிக்கல் இதுதான். "தள்ளவில்லை" என்பதற்கு நாஸ்கார் வைத்திருந்த ஆதாரம், ஸ்டூவர்ட் அவரை இடித்துக் கீழே அனுப்பவில்லை என்பது. இடிக்காததற்குக் காரணம் ஸ்மித் விலகிப் போனது. விலகாமல் நின்றிருந்தால் மோதல் நடந்திருக்கும், அப்போது "தள்ளினார்" என்பது நிரூபணம் ஆகியிருக்கும், ஆனால் ஸ்டூவர்ட்டின் கார் அதற்குள் குறுக்கே திரும்பிக் காற்றில் பறந்திருக்கும். அதாவது, விபத்தைத் தவிர்த்தால் 18-ஆம் இடம். தவிர்க்காவிட்டால் வெற்றி கிடைக்கலாம். அன்று கூட்டத்தில் இருந்த ஓட்டுநர்கள் எல்லோரும், வீட்டில் டிவியில் பார்த்தவர்களும், இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஸ்டூவர்ட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2001-இல் இந்த விதி புதிதாக வந்த டேடோனா பந்தயத்திலேயே கோட்டுக்குக் கீழே போனதற்காகத் தண்டனை வாங்கியவர் அவர். விதி எங்கே கடிக்கும் என்பது அவருக்குப் பாடமாகத் தெரியும். அந்தப் பாடத்தை அன்று ஸ்மித்துக்குச் சொல்லிக்கொடுத்தார். ஸ்மித்திடமிருந்து எல்லோரும் கற்றுக்கொண்டார்கள்.

அந்த அரை விநாடி

ஆறு மாதம் கழித்து அதே இடம். தொடக்கத்திலேயே ஒரு பெரிய விபத்து, முடிவுக்குச் சற்று முன்னால் இன்னொன்று. மிஞ்சிய கார்களில் ரயன் நியூமனும் எர்ன்ஹார்ட் ஜூனியரும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து கார்ல் எட்வர்ட்ஸின் 99-ஆம் எண் ஃபோர்டை யாரும் எதிர்பார்க்காத ஒரு கார் தள்ளிக்கொண்டு வந்தது: 09 எண் ஷெவ்ரலே. உரிமையாளர் ஜேம்ஸ் ஃபின்ச். சின்ன அணி, நாஸ்காரின் முதன்மைப் பிரிவில் ஒரு வெற்றிகூட இல்லை. ஓட்டுநர் பிராட் கெஸலௌஸ்கி, வயது 25, அந்தப் பிரிவில் அவருக்கு அது ஐந்தாவது பந்தயம். இரண்டு காரும் பம்பரோடு பம்பர் ஒட்டிக்கொண்டு வந்து நியூமனையும் ஜூனியரையும் கடைசிச் சுற்றில் தாண்டிவிட்டன. இப்போது எட்வர்ட்ஸ் முதலில், கெஸலௌஸ்கி இரண்டாவதில், மற்றவர்கள் சற்றுப் பின்னால். எல்லோர் கண்ணுக்கும் எட்வர்ட்ஸ்தான் ஜெயிப்பதாகப் பட்டது. ஆனால் முன்னால் இருப்பது மோசமான இடம் என்று முன்பே சொன்னேன் அல்லவா.

இந்த இடத்தைத்தான் நான் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது. முகப்பு வளைவில் கெஸலௌஸ்கி மேல்பக்கம் போவது போல லேசாக ஒரு அசைவு காட்டுகிறார். எட்வர்ட்ஸ் மறிக்க மேலே போகிறார். உடனே கெஸலௌஸ்கி கீழே பாய்கிறார். இப்போது அவருடைய முன்மூக்கு எட்வர்ட்ஸின் பின்சக்கரத்துக்கு உள்பக்கம் வந்துவிட்டது. இடது டயருக்குக் கீழே மஞ்சள் கோடு. எட்வர்ட்ஸ் மறிக்கக் கீழே இறங்குகிறார். ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு கார் இருக்கிறது. ஸ்பாட்டரின் குரல் வந்து சேர்வதற்கும் கண்ணாடியில் பார்ப்பதற்கும் நேரம் இல்லை. ஆறு மாதத்துக்கு முன் ஸ்மித் செய்ததைச் செய்ய கெஸலௌஸ்கிக்கு இப்போதும் வழி இருக்கிறது. கோட்டுக்குக் கீழே இறங்கினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, ஆனால் வெற்றி போய்விடும். காலை எடுத்தாலும் வெற்றி போய்விடும். அவர் இரண்டையும் செய்யவில்லை. கோட்டுக்கு மேலே, இருந்த இடத்திலேயே இருந்தார். கோட்டுக்குக் கீழே போக முடியாது என்பதால்தான் அசையாமல் இருந்ததாகப் பந்தயம் முடிந்த பிறகு அவரே சொன்னார்.

99 குறுக்கே திரும்பியது. பின்பக்கமாகப் போகும் கார் காற்றில் எழும்பாமல் இருக்க 1994-லிருந்து கூரையில் மடக்குத் தகடுகள் வைக்கிறார்கள். அவை திறந்துகொண்டன, ஆனாலும் கார் எழும்பத் தொடங்கிவிட்டது. சரியாக அந்த நேரத்தில் பின்னால் வந்த நியூமனின் கார் அதற்கு அடியில் புகுந்து, அதை மேலே எற்றியது. ஒன்றரை டன் எடையுள்ள கார் வேலியில் போய் விழுந்தது. வேலி தாங்கியது. கார் மறுபடி தடத்துக்குள் விழுந்து நொறுங்கியது. உடைந்து பறந்த துண்டுகள் வேலியைத் தாண்டிப் பார்வையாளர்கள் மேல் விழுந்து சிலருக்குக் காயம், ஒரு பதின்ம வயதுப் பெண்ணுக்குத் தாடை உடைந்தது. அவர்கள் உட்கார்ந்திருந்தது, ரப்பர்த் துணுக்குகள் பறந்து வரும் அந்த மலிவான கீழ் வரிசைகளில். எட்வர்ட்ஸ் நொறுங்கிய காரிலிருந்து வெளியே வந்து, தடத்தின் ஓரமாக ஓடிப்போய், எல்லைக் கோட்டைக் காலால் தாண்டினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அதிகாரபூர்வ முடிவில் அவருக்கு 24-ஆம் இடம். கெஸலௌஸ்கி முதலிடம், ஜூனியர் இரண்டு, முன்கண்ணாடிப் பக்கம் நசுங்கிய காரோடு நியூமன் மூன்று. அன்று கெஸலௌஸ்கி முன்னிலையில் இருந்த ஒரே சுற்று அந்தக் கடைசிச் சுற்றுதான்.

"அப்போ தப்பு யார்மேல மாமா?" என்று மைத்துனன் கேட்டான். இந்தக் காணொளியை அவனுக்கு அனுப்பியிருந்தேன், லாட்டரி என்று சொல்லமாட்டான் என்ற நம்பிக்கையில். ஏற்கெனவே கார் இருக்கும் இடத்துக்கு எட்வர்ட்ஸ் இறங்கினார், ஆகவே தப்பு அவர்மேல் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்குத் திருப்தி இல்லை. ஏனென்றால் ஸ்டூவர்ட் செய்ததும் அதேதான். அவருக்குக் கோப்பை கொடுத்தார்கள். கீழே இறங்கி மறித்தால் பின்னால் வருகிறவன் ஒன்று ஒதுங்குவான், இல்லையென்றால் கோட்டைத் தாண்டித் தோற்பான் என்று அக்டோபரில் உலகத்துக்கே காட்டியாகிவிட்டது. எட்வர்ட்ஸ் அந்த நம்பிக்கையில் இறங்கினார். கோட்டைத் தாண்டினால் தோற்போம் என்று கெஸலௌஸ்கிக்கும் அதே அக்டோபர்தான் சொல்லிக்கொடுத்தது. இரண்டு பேரும் ஒரே தீர்ப்பை எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து படித்துவிட்டு வந்து ஒரே இடத்தில் மோதினார்கள். எட்வர்ட்ஸும் அன்று கெஸலௌஸ்கியைக் குறை சொல்லவில்லை. எங்களை இப்படி ஒரு பெட்டிக்குள் போட்டு ஓடவிடுகிறார்கள், யாராவது சாகும்வரை இப்படித்தான் ஓடுவோம், அப்புறம்தான் மாற்றுவார்கள் என்ற பொருளில் பேசினார். பரபரப்பில் பேசிய பேச்சு என்று அதை ஒதுக்கிவிட முடியவில்லை.

கணக்குத் தீர்த்தது

எட்வர்ட்ஸின் பெருந்தன்மை ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. 2010 மார்ச்சில், இங்கே எங்கள் ஊர் அட்லாண்டா தடத்தில், முன்னதாக கெஸலௌஸ்கியோடு உரசியதில் அடிபட்டு 150 சுற்றுகளுக்கு மேல் பின்தங்கியிருந்த எட்வர்ட்ஸ், கடைசிக் கட்டத்தில் வேண்டுமென்றே போய் அவரை இடித்தார். இந்த முறை பறந்தது கெஸலௌஸ்கியின் கார். கூரைப்பக்கமாகச் சுவரில் போய் மோதியது. எட்வர்ட்ஸுக்குக் கிடைத்தது மூன்று பந்தயங்களுக்கு நன்னடத்தைக் கண்காணிப்பு, அவ்வளவுதான். அந்த வருஷத் தொடக்கத்தில்தான் நாஸ்கார், ஓட்டுநர்கள் தங்களுக்குள்ளேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று பிடியைத் தளர்த்தியிருந்தது. விதியை இறுக்கினாலும் ஒரு கார் பறக்கிறது, தளர்த்தினாலும் பறக்கிறது. (அதே மாதக் கடைசியில் மார்ட்டின்ஸ்வில் தடத்தில் நாஸ்காரின் டிரக் பிரிவில் முதல்முறையாக ஓடி 13-ஆவதாக முடித்தார் நரேன் கார்த்திகேயன். அந்த வருஷக் கடைசியில் அந்தப் பிரிவின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதும் ரசிகர்களின் ஓட்டில் அவருக்கே போனது. கோயம்புத்தூர்க்காரர்கள் நாஸ்காரைக் கிண்டல் செய்யும்போது நான் இதை மறக்காமல் எடுத்துவிடுவேன்.)

நான் இந்தப் பழைய பந்தயத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு உண்மையான காரணம் 2013 பிப்ரவரி. டேடோனாவில், பெரிய பந்தயத்துக்கு முந்தைய நாள் நடக்கும் இரண்டாம் பிரிவுப் பந்தயம். கடைசிச் சுற்று, பந்தய முடிவைக் காட்டும் கட்டம்போட்ட கொடி கண்ணுக்குத் தெரிகிறது. முதலிடத்தில் இருப்பவர் ரீகன் ஸ்மித். அவருக்குப் பின்னால் இருப்பவர் பிராட் கெஸலௌஸ்கி. கெஸலௌஸ்கி ஒரு பக்கம் எடுக்கிறார், ஸ்மித் மறிக்க நகர்கிறார், ஏற்கெனவே கார் இருக்கும் இடத்துக்கு. ஸ்மித்தின் கார் குறுக்கே திரும்புகிறது, பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அதில் போய் மோதுகிறார்கள். 20 வயது கைல் லார்சனின் கார் எழும்பி வேலியில் போய் விழுகிறது. இந்த முறை வேலி முழுவதும் தாங்கவில்லை. காரின் முன்பாதி பிய்ந்துபோனது. வேலியில் விழுந்த ஓட்டையில் எஞ்சின் சிக்கிக்கொண்டு நின்றது. சக்கரம் ஒன்று இருக்கைகளுக்குள் போனது. 30 பேர் அளவில் காயம். லார்சன் நடந்தே வெளியே வந்தார். இந்தக் குழப்பத்தைத் தாண்டி முதலில் கோட்டைக் கடந்தவர் டோனி ஸ்டூவர்ட். வெற்றியைக் கொண்டாட அவருக்கு மனம் வரவில்லை, பேட்டியிலும் காயமடைந்தவர்களைப் பற்றித்தான் பேசினார்.

மறித்த ஒருவனுக்காக விலகிப்போய், அதற்காகவே வெற்றியை இழந்தவர் ஸ்மித். அவரே முதலிடத்துக்கு வந்தபோது மறித்தார். பின்னால் இருந்தது, விலகாமல் ஜெயித்த அதே கெஸலௌஸ்கி. பலன் மறுபடியும் ஸ்டூவர்ட்டுக்கு. யாராவது கதையாக எழுதிக் கொண்டுவந்தால், இவ்வளவு பொருத்தம் நம்பும்படியாக இல்லை என்று திருப்பிக் கொடுத்திருப்பேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் பெரிதாக இல்லை. ஸ்மித்தின் நிலையில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். மறிப்பதால் ஜெயிக்க வாய்ப்பு உண்டு, மறிக்காவிட்டால் நிச்சயம் தோல்வி. பின்னால் இருப்பவனுக்கு விலகினால் நிச்சயம் தோல்வி. இப்படி ஒரு கணக்கைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, விபத்து நடந்தால் அதை அதிர்ஷ்டத்தின் தலையில் கட்டுவதில் நியாயம் இல்லை.

2008-இல் ஸ்மித்துக்கே வெற்றி என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறித்துக் கீழே இறக்கினால் இறங்கியவன் ஜெயிப்பான் என்று ஆகியிருக்கும். அப்புறம் எட்வர்ட்ஸ் எதற்காகக் கீழே இறங்கப் போகிறார்? நடுத்தடத்தில் நின்று, வருகிறவன் எந்தப் பக்கம் வருகிறான் என்று பார்த்திருப்பார். கெஸலௌஸ்கி ஒருவேளை ஜெயித்திருக்கலாம், தோற்றிருக்கலாம், 99 தரையிலேயே இருந்திருக்கும். விதியையே எடுத்துவிட்டால் என்ன என்று மைத்துனன் கேட்டான். அது நடக்காது. கோடு இல்லையென்றால் கடைசிச் சுற்றில் ஐந்து பேர் புல்லை ஒட்டி இறங்கி ஓடுவார்கள், ஒருவன் வழுக்கி மேலே ஏறினாலும் மொத்தக் கூட்டமும் போய்விடும். கோடு இருக்கட்டும். மறித்தவனைத்தான் அது கடிக்க வேண்டும்.

அப்படி ஒரு தீர்ப்பும் ஒருநாள் வந்தது. 2020 அக்டோபரில், அதே டலடேகாவில். இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டிய மாட் டிபெனடெட்டோ, வில்லியம் பைரனைக் கோட்டுக்குக் கீழே தள்ளினார் என்று 21-ஆம் இடத்துக்கு அனுப்பப்பட்டார். ஜெயித்த டென்னி ஹாம்லினும் கோட்டுக்குக் கீழேதான் போயிருந்தார். ஆனால் அவர் மோதலைத் தவிர்க்கப் போனார் என்று விட்டுவிட்டார்கள். டிபெனடெட்டோ ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது, 12 வருஷம் தாமதம் என்பதைத் தவிர. மோதலைத் தவிர்க்கக் கீழே இறங்கினால் குற்றமில்லை என்றுதானே ஸ்மித்தும் அன்று வாதாடினார்? அவர் இப்போது ஃபாக்ஸ் ஒளிபரப்பில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கார்கள் டயர் மாற்ற நிற்கும் பிட் பகுதியில் ஓட்டுநர்களைப் பேட்டி எடுக்கிறார். அவருக்கு முதன்மைப் பிரிவில் ஒரே வெற்றி, 2011-இல் டார்லிங்டனில், எட்வர்ட்ஸை இரண்டாவதாகவும் கெஸலௌஸ்கியை மூன்றாவதாகவும் பின்னால் விட்டுவிட்டு. 2008 அக்டோபர் டலடேகா என்ற வரியில் அவர் பெயருக்கு நேரே இன்றும் 18 என்றுதான் இருக்கிறது.